கேட்பவருக்கும் விடை தெரியாத கேள்வி

1997இல் வெளியான ‘ஓப்பனிங் டயலாக்’ என்ற நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் நைஸ்ட்ராண்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 8, 9ஆம் வகுப்புகளின் ஆங்கிலப் பாடவேளைகளைக் கவனித்து, யார் கேட்டார்கள், யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகள். எதைக் கலந்துரையாடல் என்று சொல்வது என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் தாராளமானது. குறைந்தது மூன்று மாணவர்களாவது பங்கெடுத்து, அரை நிமிடமாவது தங்குதடையில்லாமல் கருத்துப் பரிமாறிக்கொண்டால் போதும். அப்படி அளந்தும், 8ஆம் வகுப்பில் ஒரு பாடவேளைக்குச் சராசரியாக 50 விநாடிதான் தேறியது. 9ஆம் வகுப்பில் 15 விநாடிகூட இல்லை.

அவர்கள் படித்தது கதையும் கவிதையும் நாடகமும். ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு முப்பது பேர் முப்பது விதமாக நினைக்கக்கூடிய பாடம் பள்ளியில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அங்கேயே பேச்சுக்குக் கிடைப்பது கால் நிமிடம் என்றால், அந்த முப்பது நினைப்புகளும் எங்கே போகின்றன?

ஆசிரியர்கள் மாணவர்களைப் பேசவே விடவில்லை என்று இதற்குப் பொருளல்ல. கேள்விகள் சரமாரியாக வந்தன, பதில்களும் வந்தன. ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நடத்தும் ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். கேட்ஸ்பி இருட்டில் எதை நோக்கிக் கை நீட்டுகிறான்? பச்சை விளக்கு. சரி. அது யார் வீட்டுப் படகுத்துறை? டெய்சி வீட்டுடையது. நல்லது. அந்த விளக்கு எதைக் குறிக்கிறது? இங்கே ஒரு மௌனம். யாரோ ஒருவன் “கனவு” என்கிறான். எந்தக் கனவு என்று ஆசிரியர் கேட்டு, அவரே பதிலையும் சொல்கிறார். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். வகுப்பு சுறுசுறுப்பாகத்தான் நடந்திருக்கிறது, எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பு யாருக்கும் தெரிந்திராத ஒன்று அங்கே பேசப்படவே இல்லை.

ஆசிரியர் கேட்க, மாணவர் சொல்ல, ஆசிரியர் மதிப்பிடுகிற இந்த மூன்றடி நடையை 1975இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர்கள் சின்கிளேரும் கூல்தார்டும் பிரித்துக் காட்டினார்கள். 1979இல் ஹியூ மெஹான் ‘லேர்னிங் லெசன்ஸ்’ நூலில் அதை இன்னும் நுட்பமாக விளக்கினார். மெஹான் கவனித்த வகுப்பு சான் டியேகோவில் இருந்தது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த கோர்ட்னி காஸ்டன், ஒரு கல்வியாண்டுக்குப் பள்ளி ஆசிரியையாகத் திரும்பிப்போய் நடத்திய வகுப்பு அது. மெஹான் தந்த எடுத்துக்காட்டு எளிமையானது. தெருவில் ஒருவரிடம் மணி என்ன என்று கேட்கிறோம். “இரண்டரை” என்கிறார். நன்றி சொல்லிவிட்டு நகர்கிறோம். வகுப்பில் அதே கேள்விக்கு அதே பதில் வந்தால், “மிகச் சரி” என்கிறார் ஆசிரியர். தெருவில் கேட்டவருக்கு மணி தெரியாது. வகுப்பில் கேட்டவர் கடிகாரத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

வகுப்பறைப் பேச்சின் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. விடை தெரிந்தவரிடம் விடை சொல்வது தேர்வு. அதில் தயங்குவதற்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எல்லா நியாயமும் உண்டு. தவறினால் அவமானம், சரியாகச் சொன்னாலும் புதிதாக எதுவும் நடந்துவிடப் போவதில்லை. நைஸ்ட்ராண்ட் இதற்கு எதிராக வைத்தது, முன்கூட்டி விடை தீர்மானிக்கப்படாத கேள்வியை. அதோடு இன்னொன்றையும் அவர் முக்கியமாகக் கருதினார்: மாணவர் இப்போது சொன்னதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பது. தான் சொன்ன சொல் அடுத்தவர் வாயில் போய்த் தொடர்வதைப் பார்க்கிற பிள்ளை, அடுத்த நாளும் வாய் திறக்கும்.

அவகாசமும் ஒரு காரணம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டும்படி ஆசிரியர்களைப் பழக்கியபோது பதில்கள் நீண்டன, தாங்களாகவே முன்வந்து பேசுகிறவர்கள் கூடினார்கள், வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளின் குரலும் கேட்டது. இரண்டே விநாடி கூடுதலுக்கு இவ்வளவு பலன் என்றால், ஒரு மாலைப் பொழுது முழுவதையும் கொடுத்தால் என்ன ஆகும்? எழுத்து தருவது அந்த அவகாசத்தைத்தான். வகுப்பில் முதலில் கை தூக்குகிற நாலு பேர் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எழுத்தில் யாரும் யாருடைய நேரத்தையும் தின்பதில்லை. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளை, வாக்கியத்தை நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதிவிட்டு, ஐந்தாவது முறை எழுதியதை மட்டும் காட்டலாம்.

ஆனால் பள்ளியில் எழுத்து யாருக்காக எழுதப்படுகிறது? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டனில் ஜேம்ஸ் பிரிட்டனும் குழுவினரும் 11 முதல் 18 வயது வரையிலான மாணவர்கள் எழுதிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை 65 பள்ளிகளிலிருந்து சேகரித்து, ஒவ்வொன்றும் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று வகைப்படுத்தினார்கள். 1975இல் முடிவுகள் வெளிவந்தன. ஏறத்தாழப் பாதி, மதிப்பெண் போடும் ஆசிரியருக்காக எழுதப்பட்டவை. மீதியிலும் பெரும்பகுதி ஆசிரியருக்கே, சற்று நட்பான தொனியில். சக மாணவருக்கோ வெளியுலகத்துக்கோ எழுதப்பட்டவை சொற்பத்திலும் சொற்பம். அமெரிக்காவில் 1981இல் ஆர்தர் ஆப்பிள்பீ வெளியிட்ட ஆய்வு வேறொரு வறட்சியைக் காட்டியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு பத்தி அளவுக்காவது தொடர்ச்சியாக எழுதுவது, வகுப்பு நேரத்திலும் வீட்டுப்பாட நேரத்திலுமாகச் சேர்த்து 3 விழுக்காடுதான். மற்றதெல்லாம் கோடிட்ட இடம், ஒரு வரி விடை, கரும்பலகையைப் பார்த்து எழுதுதல்.

இலக்கிய வகுப்பைப் பொறுத்தவரை இதற்கான மாற்றுச் சிந்தனை அதற்கும் நெடுங்காலம் முன்பே வந்துவிட்டது. லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் ‘லிட்டரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளரேஷன்’ நூலை எழுதினார். கவிதை தாளில் இருப்பதில்லை, தாளுக்கும் வாசிக்கிறவருக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் உண்டாகிறது என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த கருத்து. நூறு வயது வரை வாழ்ந்து 2005இல் மறைந்தார். அவர் சொன்னதை ஏற்றால் ஆசிரியரின் வேலையே மாறிப்போகிறது. வகுப்பில் முப்பது வாசிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் ஆசிரியருடையது. மீதி இருபத்தொன்பதும் அவருக்குத் தெரியாது. அவற்றை வெளியே கொண்டுவர ஒரு வழி வேண்டும்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெமிங்டன் ஊரில் ஹன்டர்டன் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே ஆங்கிலமும் இதழியலும் கற்பித்த வில் ரிச்சர்ட்சன், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவர்களை வலைப்பதிவு எழுதவைத்த முன்னோடிகளில் ஒருவர். அப்போது வலைப்பதிவு என்பதே புதுச் சரக்கு. சூ மங்க் கிட் எழுதிய ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பீஸ்’ 2002இல் வெளியானது. வெளியான புதிதிலேயே அதைத் தம்முடைய நவீன அமெரிக்க இலக்கிய வகுப்பில் பாடமாக வைத்தார் ரிச்சர்ட்சன்.

நாவல் நடப்பது 1964இல், தென் கரோலினாவில். குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தான கோடை அது. பதினான்கு வயது லில்லி என்ற வெள்ளையினச் சிறுமி தாயில்லாமல் வளர்கிறாள். அவளை வளர்த்த கறுப்பினப் பெண் ரோசலீன் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போகும் வழியில் வெள்ளையர்களோடு தகராறாகிக் கைதாகிறாள். இருவரும் தப்பி ஓடி, தேனீ வளர்க்கும் மூன்று கறுப்பினச் சகோதரிகளின் வீட்டில் அடைக்கலமாகிறார்கள். வெளியான புதிது என்பதால், அதற்குக் கடைகளில் விற்கும் குறிப்புநூல் எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. பச்சை விளக்குக்கு இருப்பதுபோல் ஊரறிந்த விடை எதற்கும் கிடையாது. ரிச்சர்ட்சனின் மாணவர்கள் படிக்கப் படிக்கத் தங்கள் கேள்விகளையும் எண்ணங்களையும் வகுப்பின் வலைப்பதிவில் எழுதினார்கள். நாவலுக்கான வாசிப்பு வழிகாட்டி ஒன்றைத் தாங்களே அங்கே உருவாக்கினார்கள். பெற்றோர்களும் நாவலைப் படித்துவிட்டுத் தங்களுக்கென்று ஒரு தனிப் பதிவில் விவாதித்தார்கள். பிறகு நாவலாசிரியரையே அழைத்தார்கள். சூ மங்க் கிட் வந்தார். மாணவர்களின் கேள்விகளுக்கு இரண்டாயிரம் சொற்களைத் தாண்டிய பதில் ஒன்றை எழுதினார்.

இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தாளரின் பதிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாவலாசிரியர் அவ்வளவு விரிவாக எழுதியது பெரிய மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் வகுப்பறைப் பேச்சு என்ற கோணத்தில் பார்த்தால் அதற்கு முந்தைய வாரங்களே முக்கியமானவை. எழுத்தாளர் வந்து சொல்லிவிட்டால் அவரே மிகப்பெரிய விடைத்தாள் திருத்துநராகிவிடும் அபாயமும் உண்டு. அவர் வருவதற்கு முன்பு, விடை தெரிந்தவர் யாரும் இல்லாத ஒரு புத்தகத்தின் முன்னால் ஒரு வகுப்பு உட்கார்ந்திருந்தது. அந்த நிலைமை எவ்வளவு அபூர்வமானது என்பதை நைஸ்ட்ராண்டின் 15 விநாடியோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாவலிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அந்த மூன்று கறுப்பினச் சகோதரிகளுக்கும் கதையில் சொந்த வாழ்க்கை இருக்கிறதா, அல்லது ஒரு வெள்ளைச் சிறுமியின் காயத்தை ஆற்றுவதற்காகத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்களா? இது நாவல்மீது விமர்சகர்கள் வைத்த குறையும்கூட. வகுப்பில் ஆசிரியர் திடீரென்று இதைக் கேட்டால் அநேகமாக அமைதிதான் நிலவும். அமெரிக்க வகுப்பறையில் இனம் பற்றி வாயால் பேசுவது எளிதல்ல. சொல் தவறிவிடுமோ என்ற அச்சம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. தம் இனம் முழுவதுக்கும் தாமே பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற சலிப்பு கறுப்புப் பிள்ளைகளுக்கு. முந்தின நாள் இரவே இதை எழுதச் சொன்னால் நிலைமை வேறு. ஒருத்தி ‘ரோசலீன்தான் எனக்கு நாயகி, அவளைப் பற்றிய புத்தகமாக இது ஏன் இல்லை’ என்று எழுதலாம். இன்னொருவன் ‘லில்லி தன் கதையைச் சொல்கிறாள், அவள் கண்ணுக்குப் பட்டதைத்தானே சொல்ல முடியும்’ என்று மறுக்கலாம். மறுநாள் ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும்போது இரண்டு கருத்துகள் மோதிக்கொண்டு ஏற்கெனவே அங்கே நிற்கின்றன. அவர் கேள்வி தயாரிக்க வேண்டியதில்லை. ‘நீ எழுதியதை இவள் ஒப்புக்கொள்ளவில்லை, படித்தாயா?’ என்று தொடங்கினால் போதும்.

எழுத்து பேச்சுக்கு மாற்று என்று நினைப்பது இங்கே நடக்கும் பெரிய பிழை. நேருக்கு நேர் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும்படி செய்வதுதான் எழுத்தின் வேலை. வலைப்பதிவில் எழுதிவிட்டார்கள், கலந்துரையாடல் முடிந்தது என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போகிற வகுப்பில், அந்த எழுத்தெல்லாம் வீணாய்ப் போகிறது. பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர்கள் இன்னொன்றையும் விரைவில் கண்டுபிடிப்பார்கள். பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இந்த முயற்சி ஒரு வாய்ப்பாடாகச் சுருங்கிவிட்டது: வாரம் ஒரு பதிவு, சக மாணவர்களுக்கு இரண்டு மறுமொழி, ஒவ்வொன்றும் இத்தனை சொற்களுக்குக் குறையாமல், இத்தனாம் தேதிக்குள். இந்த வாய்ப்பாட்டின்படி எழுதப்படும் மறுமொழிகளைப் படித்தவர்களுக்கு அவற்றின் மொழி தெரியும். ‘உன் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.’ யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பார்வைக்கு நண்பனுக்கு எழுதியதுபோல் இருந்தாலும் உண்மையில் அது மதிப்பெண் பட்டியலுக்கு எழுதப்பட்டது. பிரிட்டன் 1975இல் கண்ட அந்தத் தேர்வாளர் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். வலைப்பதிவு, கைப்பிரதி, நோட்டு என எதில் எழுதினாலும், ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் உண்டு என்றால் வாசகர் ஒருவர்தான், அவர் கையில் சிவப்புப் பேனா.

இதற்கு எதிரான முன்மாதிரி கணினிக்கும் முந்தையது. மெய்ன் மாநிலத்தின் பூத்பே ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரில் 8ஆம் வகுப்புக்குக் கற்பித்த நான்சி ஆட்வெல், தம் மாணவர்களோடு படித்த புத்தகங்களைப் பற்றி நோட்டில் கடிதம் எழுதிக்கொண்டார். மாணவர் எழுதுவார், ஆசிரியர் பதில் எழுதுவார். பிறகு மாணவர்களும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1987இல் வந்த அவருடைய ‘இன் தி மிடில்’ நூல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நண்பர்களோடு புத்தகங்களைப் பற்றிப் பேசுவதுபோல வகுப்பும் இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கடிதங்களில் அவர் மாணவர்களைச் சோதிக்கவில்லை. தமக்குப் பிடிக்காத புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்றார், மாணவர் பரிந்துரைத்ததைத் தாமும் வாங்கிப் படித்தார். 2015இல் முதல் உலக ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. பத்து லட்சம் டாலர் பரிசுத் தொகையைத் தாம் தொடங்கிய பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

இன்னும் பின்னால் போனால் பிரான்சில் செலஸ்தேன் பிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். நீண்ட நேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவருக்கு மூச்சு போதவில்லை. 1924இல் பார்-சூர்-லூ கிராமப் பள்ளிக்கு ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதை அவர்களே எழுத்துக் கோத்து அச்சிட்டு, பிரித்தானி கடற்கரையில் ரெனே தானியேல் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் எழுத்துகள் வந்தன. தெற்கின் மலைக்கிராமத்துப் பிள்ளைக்குக் கடலோரத்துப் பிள்ளையின் வாழ்க்கை உண்மையாகவே தெரியாது. தெரியாததால்தான் இரு பக்கமும் எழுத வேண்டியிருந்தது.

எல்லா எழுத்தும் வெளியே போக வேண்டியதில்லை என்பதற்கு லாங் பீச் நல்ல சான்று. கலிஃபோர்னியாவின் அந்த நகரத்தில் வில்சன் உயர்நிலைப் பள்ளியில் 1994இல் வேலைக்குச் சேர்ந்த எரின் குருவெல்லுக்குக் கிடைத்தவர்கள், தேறமாட்டார்கள் என்று பள்ளி ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருந்த மாணவர்கள். கறுப்பின மாணவன் ஒருவனைக் கேலிசெய்யும் தடித்த உதட்டுக் கேலிச்சித்திரம் ஒன்று வகுப்பில் சுற்றிவந்து அவர் கையில் சிக்கியது. நாஜிகள் யூதர்களை இப்படித்தான் வரைந்தார்கள் என்று அவர் சொன்னபோது, யூத இனப்படுகொலை என்ற ஒன்றையே மாணவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை என்பது தெரியவந்தது. ஆன் பிராங்கின் நாட்குறிப்பையும், சரயேவோவில் போருக்கு நடுவே ஸ்லாதா பிலிபோவிச் என்ற சிறுமி எழுதிய நாட்குறிப்பையும் படிக்கவைத்தார். பிறகு அவர்களையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். மாணவர்கள் ஸ்லாதாவுக்குக் கடிதம் எழுதி அழைக்க, 1996இல் அவர் வந்தார். ஆன் பிராங்கின் குடும்பத்தை மறைத்துக் காப்பாற்ற முயன்ற மீப் கீசும் வந்து அவர்களைச் சந்தித்தார்.

150 மாணவர்களின் அந்த எழுத்துகள் 1999இல் ‘தி ஃப்ரீடம் ரைட்டர்ஸ் டயரி’ என்று புத்தகமாயின. 2007இல் திரைப்படமும் வந்தது. புத்தகத்தில் மாணவர்களின் எந்தக் குறிப்பிலும் எழுதியவர் பெயர் இல்லை, எண் மட்டும்தான். துப்பாக்கிச் சூட்டில் நண்பனை இழந்தது, வீடில்லாமல் அலைந்தது, வீட்டுக்குள் நடந்த கொடுமை என்று எல்லாம் அதில் இருக்கின்றன. பெயர் போட வேண்டும் என்றிருந்தால் அவற்றில் எத்தனை எழுதப்பட்டிருக்கும்? படிக்க ஆள் வேண்டும் என்பது ஒரு பக்க உண்மை. யார் படிக்கலாம் என்று தீர்மானிக்கிற உரிமை எழுதுகிற பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்பது மறுபக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் கெடுதலே செய்திருக்கிறார்கள்.

ஏனென்றால் பொதுவில் எழுதுவதற்கு விலை உண்டு. மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் இதழியல் வகுப்பு மாணவர்கள் நடத்திய ‘ஸ்பெக்ட்ரம்’ இதழில், பதின்வயதில் கருவுற்ற மாணவிகளைப் பற்றி ஒரு கட்டுரையும், பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளைப் பாதிப்பதைப் பற்றி ஒரு கட்டுரையும் வருவதாக இருந்தன. 1983இல் பள்ளி முதல்வர் அந்தப் பக்கங்களையே நீக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாடத்தின் பகுதியாகப் பள்ளியின் பெயரில் வெளிவரும் எழுத்தை, கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி கட்டுப்படுத்தலாம் என்று 1988இல் 5-3 என்ற கணக்கில் தீர்ப்பானது. வகுப்புக்காக எழுதப்படும் வலைப்பதிவும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இருக்கிறது. பள்ளிக்கு வெளியே, வார இறுதியில், கைபேசியில் ஒரு மாணவி கோபத்தில் போட்ட நாலு சொல்லுக்காக அவளை விளையாட்டரங்க உற்சாகக் குழுவிலிருந்து நீக்கியது தவறு என்று 2021இல் அதே நீதிமன்றம் 8-1 என்று சொன்னது. இடையில், 2000இல் வந்த ஒரு சட்டம், இணையக் கட்டணத்தில் அரசுச் சலுகை பெறும் பள்ளிகள் வடிகட்டி வைத்தாக வேண்டும் என்றது. மாணவர்கள் ஆபாசப் படங்களைப் பார்ப்பதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். கைவசம் இருந்த வடிகட்டிகள் வலைப்பதிவுத் தளங்களையும் சேர்த்தே பல பள்ளிகளில் அடைத்தன.

இந்தச் சங்கடங்களால் பல ஆசிரியர்கள் வகுப்புக்குள் மட்டும் தெரியும்படி பூட்டிவைத்த பதிவுகளுக்கு மாறினார்கள். அதில் இழப்பு குறைவு என்றே சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் படிக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் உலகம் அவ்வளவு ஆர்வமாகப் படிப்பதில்லை. அடுத்த பெஞ்சில் உட்காரும் பெண் படித்துவிட்டு மறுநாள் காலையில் “நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்வதற்கு இருக்கும் வலு, முகம் தெரியாத ஆயிரம் பார்வையாளர்களுக்கு இல்லை.

எழுத்தே இல்லாமலும் வகுப்பைப் பேசவைக்கலாம், செலவு செய்ய முடிந்தால். நியூ ஹாம்ப்ஷயரில் பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமி என்ற தனியார் பள்ளிக்கு 1930இல் எட்வர்டு ஹார்க்னஸ் என்ற கொடையாளர் 58 லட்சம் டாலர் கொடுத்தார். அவருடைய விருப்பம் வகுப்புகள் சிறியவையாக இருக்க வேண்டும், ஆசிரியரும் மாணவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டும், கூச்சப்படும் பையனும் பேசத் துணிய வேண்டும் என்பது. இன்றும் அங்கே நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் அளவில்தான் வகுப்பு. கரும்பலகைக்கு முன்னால் நின்று ஆசிரியர் நடத்துவதில்லை, மாணவர்களே பேச்சைக் கொண்டுபோகிறார்கள். அரசுப் பள்ளியில் அதே ஆசிரியருக்கு ஒரு வகுப்பில் முப்பது பேர், நாளுக்கு ஐந்து வகுப்பு. முப்பது பேரும் ஒரே பாடவேளையில் பேசினால் தலைக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம். எழுத்துவழி உரையாடலின் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் போனதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

2022 நவம்பருக்குப் பிறகு இந்தக் கணக்கில் ஒரு புது இடைஞ்சல். சாட்ஜிபிடி வந்தபின், வீட்டிலிருந்து எழுதிவரும் பத்தி பிள்ளை எழுதியதா என்ற ஐயம் எல்லா ஆசிரியர்களுக்கும் இருக்கிறது. ‘ரோசலீன் பாத்திரத்தைப் பற்றி 200 சொற்கள்’ என்று கேட்டால் இயந்திரம் கண் இமைக்கும் நேரத்தில் தருகிறது. பலர் மறுபடியும் வகுப்பிலேயே, காகிதத்தில், பேனாவால் எழுதவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பத்து நிமிடம் எழுது, பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் கொடு, அவர் எழுதியதற்குக் கீழே உன் பதிலை எழுது, பிறகு பேசலாம். இதைப் பின்னடைவு என்று வருந்த வேண்டியதில்லை. எழுதியவள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ‘இதை ஏன் இப்படிச் சொன்னாய்’ என்று உடனே கேட்கலாம். வாய்ப்பாட்டுக்கு எழுதப்பட்ட வலைப்பதிவு மறுமொழிகளை இயந்திரத்தால் ஒரு குறையும் இல்லாமல் எழுதிவிட முடிகிறது என்பதே, அவற்றில் பேச்சு என்று ஒன்று இருந்ததில்லை என்பதற்குச் சாட்சி.

2003இல் ஆப்பிள்பீ, ஜூடித் லாங்கர், நைஸ்ட்ராண்ட், கமோரன் நால்வரும் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, நியூயார்க், டெக்சாஸ், விஸ்கான்சின் ஆகிய ஐந்து மாநிலங்களில் 64 ஆங்கில வகுப்புகள். திறந்த கலந்துரையாடல் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 1.7 நிமிடம். கடினமான பாடத்தை விவாதத்தின் வழியே நடத்திய வகுப்புகளில், ஆண்டு முடிவில் மாணவர்கள் இலக்கியத்தைப் பற்றி எழுதியவை மேம்பட்டிருந்தன. நகரப் பள்ளி, புறநகர்ப் பள்ளி, நன்றாகப் படிப்பவர், பின்தங்கியவர் என்ற வேறுபாடில்லாமல் இந்தப் பலன் தெரிந்தது. ஆனால் அந்த 1.7 நிமிடம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. திறமைசாலிகள் என்று பிரிக்கப்பட்ட வகுப்புகளில் அதைவிடக் கூடுதலாகவும், பின்தங்கியவர்கள் என்று பிரிக்கப்பட்ட வகுப்புகளில் அதைவிடக் குறைவாகவும் பேச்சு நடந்தது. லாங் பீச்சில் குருவெல்லின் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்.